படித்தது ஒன்று, போக நினைப்பது வேறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி முடித்த கையோடு வருபவர்களும், மூன்று நான்கு வருடம் ஒரு வேலையில் இருந்துவிட்டு வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டில் பட்டம் வாங்கியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வயது வரம்பும் கட்டணமும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் முன் அந்த வருட அறிவிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

1. நான் மெக்கானிக்கல் படிச்சேன். வேற துறைக்குப் போனா நாலு வருஷம் வீண்தானே?

முழுக்க வீண் இல்லை. 'பட்டதாரி' என்ற தகுதி உங்களோடு வரும், பாடத்தில் ஒரு பகுதிதான் பின்னால் நிற்கும். யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2வின் பெரும்பாலான பதவிகள், வங்கி அதிகாரிகளுக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. தேர்வு ஆகிய எல்லாவற்றுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். எம்.பி.ஏ.வும் மூன்றாண்டு சட்டப் படிப்பும் அப்படியே.

பாடத்தையும் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டாம். பழைய துறையும் புதிய துறையும் உரசும் எல்லையில் கூட்டம் குறைவு. மெக்கானிக்கல் படித்தவர் வெறும் டெஸ்டராக நிற்பதைவிட, உற்பத்தி, கிடங்கு, கொள்முதல் சார்ந்த மென்பொருளைச் சோதிப்பவராக நின்றால் ஆயிரம் பேரில் ஒருவராக இருக்க மாட்டார். 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' (ஒரு பொருளைச் செய்யத் தேவையான பாகங்களின் பட்டியல்) என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. செவிலியர் படிப்பு முடித்தவருக்கு மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றுவது), ஆங்கில இலக்கியம் படித்தவருக்கு டெக்னிக்கல் ரைட்டிங் (மென்பொருள், கருவிகளுக்கு விளக்கக் கையேடு எழுதுவது), பி.காம். படித்தவருக்கு எஸ்.ஏ.பி. என்ற நிறுவன நிர்வாக மென்பொருளின் நிதிப் பிரிவு என்று ஒவ்வொரு பட்டத்துக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு.

2. எந்தெந்த வேலைக்குக் கண்டிப்பா அந்தந்தப் படிப்பே வேணும்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பலர் கடைசியில் கேட்கிறார்கள். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், கட்டடக் கலைஞர் போன்ற தொழில்களைச் சட்டமே பூட்டி வைத்திருக்கிறது. மருந்தாளுநருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம், 'ஆர்கிடெக்ட்' என்று பெயர்ப்பலகை மாட்ட 1972ஆம் ஆண்டுச் சட்டம். உரிய படிப்பும் பதிவும் இல்லாமல் உள்ளே போக முடியாது. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக பி.எட்.டும் தகுதித் தேர்வும் வேண்டும்.

பூட்டியது போலத் தெரிந்தாலும் மாற்று வழி உள்ளவை இரண்டு. சட்டம்: எந்தப் பட்டத்துக்குப் பின்னும் மூன்றாண்டு எல்எல்.பி. சேரலாம், பொதுப் பிரிவுக்குப் பட்டத்தில் 45 சதவீதம் வேண்டும். ஆனால் தபாலில் படிக்க முடியாது, முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டே வழக்கறிஞராகத் தொழில் செய்யவும் பார் கவுன்சில் விதி இடம் தராது. பட்டயக் கணக்காளர்: வணிகப் பட்டதாரி 55 சதவீதமும் மற்றவர்கள் 60 சதவீதமும் வைத்திருந்தால் முதல்கட்டத் தேர்வு இல்லாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) இப்போது இரண்டு வருடம்.

மென்பொருள், விற்பனை, டிசைன், கணக்கு, மனிதவளம், டிஜிட்டல் மார்க்கெட்டிங் போன்றவற்றில் சட்டத் தடை கிடையாது. அங்கே பட்டத்தைக் கேட்பது ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைச் சலிக்க வைத்திருக்கும் ஒரு சல்லடைதான். சட்டம் வளையாது, சல்லடையைச் சுற்றிப் போக வழி உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் போக முடிந்த இடத்துக்கு முயற்சி செய்யாமலும், போக முடியாத இடத்துக்குப் பணம் கட்டியும் ஏமாறுகிறார்கள்.

3. எந்தத் துறைன்னு எப்படி முடிவு பண்றது? ஐ.டி.ல சம்பளம் நல்லா இருக்குங்கறாங்க.

"ஐ.டி." ஒரு வேலை இல்லை, ஒரு கட்டடம். உள்ளே எந்த நாற்காலி என்று சொல்லுங்கள். நௌக்ரியிலோ லிங்க்ட்இன்னிலோ அந்த நாற்காலிக்கு வந்த 30 விளம்பரங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் கேட்கும் திறன்களை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். 30இல் 20க்கு மேல் வருவது கட்டாயம், 5க்குக் கீழே வருவதை மறந்துவிடலாம். இன்ஸ்டிட்யூட் பாடத்திட்டத்தைவிட இந்தத் தாள் நம்பகமானது.

பிறகு அந்த வேலையில் இருக்கும் மிகச் சலிப்பான பகுதியை ஒரு வாரம் செய்து பாருங்கள். கணக்கு வேலை என்றால் 200 பில்களைப் பதிவது, டேட்டா அனலிட்டிக்ஸ் என்றால் பெயரும் தேதியும் தாறுமாறாக இருக்கும் ஒரு எக்செல் கோப்பைச் சுத்தம் செய்வது. அதைச் சகித்துக்கொள்ள முடிந்தால் மேற்கொண்டு போகலாம். சம்பளத்தை மட்டும் பார்த்து வந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கழன்றுகொள்கிறார்கள்.

4. மூணு மாசத்துல ஆயிடும்னு இன்ஸ்டிட்யூட்ல சொல்றாங்க. நிஜமா எவ்ளோ நாள் ஆகும்?

மாதத்தை விட்டுவிட்டு மணிக்கணக்கில் எண்ணுங்கள். ஒரு தொடக்கநிலை வேலைக்குத் தயாராக எங்கள் கணக்கில் 350 முதல் 450 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டே வாரம் 15 மணி நேரம் ஒதுக்கினால் 400 மணி நேரத்துக்கு ஆறு மாதம் சொச்சம் ஆகும். வீட்டிலிருந்தபடி நாளுக்கு 5 மணி நேரம், வாரம் 6 நாள் என்றால் மூன்று மாதம் சொச்சம். எனவே இன்ஸ்டிட்யூட் சொல்வது முழுப் பொய் இல்லை. நாளுக்கு இரண்டு மணி வகுப்பு மட்டும் போய்வந்தால் போதும் என்று நீங்கள் புரிந்துகொள்வதுதான் தவறு.

இது தயாராகும் நேரம் மட்டும். வேலை தேட இன்னும் மூன்று முதல் ஐந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக எட்டு முதல் பன்னிரண்டு மாதச் செலவுக்குப் பணம் வேண்டும். சென்னையில் பி.ஜி.யும் சாப்பாடும் 10,000, பஸ் 1,500, மற்றவை 1,500 என்று சிக்கனமாகப் போட்டாலும் மாதம் 13,000. பத்து மாதத்துக்கு 1,30,000. ஊரில் வீட்டிலிருந்தே படித்துவிட்டு, நேர்காணல் வரும்போது சென்னைக்கோ பெங்களூருக்கோ போவது மலிவு. கல்விக்கடன் இருந்தால், பெரும்பாலும் படிப்பு முடிந்த ஓராண்டுக்குப் பின் தவணை தொடங்கிவிடும். அதையும் கணக்கில் சேருங்கள்.

5. டெஸ்டிங்குக்கு கோடிங்கே வேண்டாம்னு சொல்றாங்களே, உண்மையா?

நுழைவதற்கு அதிகம் வேண்டாம், நிலைப்பதற்கு வேண்டும். மேனுவல் டெஸ்டிங் மட்டும் தெரிந்தவர்களுக்கான இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கற்கும் வரிசை முக்கியம். முதலில் டெஸ்ட் கேஸ் (எதை, எப்படிச் சோதிப்பது, என்ன வர வேண்டும் என்ற குறிப்பு) எழுதுவது, அடுத்து எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி), பிறகு போஸ்ட்மேன் என்ற கருவி வைத்து ஏ.பி.ஐ. (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) சோதனை, அதன்பின் ஜாவா அல்லது பைத்தானில் ஒன்று, கடைசியில் செலினியம் (இணையப் பக்கங்களைத் தானாகச் சோதிக்கும் கருவி). பலர் விளம்பரத்தில் செலினியத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே தொடங்குகிறார்கள். லூப் எழுதத் தெரியாமல் செலினியத்தில் உட்கார்ந்தால், மற்றவர் எழுதிய ஸ்கிரிப்டைப் பிரதி எடுக்கலாம். அது ஓடாதபோது ஏன் என்று தெரியாது. நேர்காணலில் கேட்பது அந்த 'ஏன்'தான்.

கையில் இருக்க வேண்டியது இவ்வளவு: பொதுவில் உள்ள ஒரு தளத்தின் ஒரு பகுதிக்கு, உதாரணமாகப் பேருந்து முன்பதிவுப் பக்கத்துக்கு, 60 டெஸ்ட் கேஸ், உண்மையிலேயே கண்டுபிடித்த 8, 10 பிழைகளின் அறிக்கை, கிட்ஹப்பில் (கோடைப் போட்டு வைக்கும் இணையத் தளம்) நீங்களே எழுதிய 5 தானியங்கிச் சோதனைகள். பிழை அறிக்கை ஒவ்வொன்றிலும் தலைப்பு, எந்த உலாவி எந்தச் சாதனம், செய்த படிகள், வர வேண்டியது, வந்தது, தீவிரம் ஆகிய ஆறும் இருக்க வேண்டும். "பக்கம் வேலை செய்யவில்லை" என்பது பிழை அறிக்கை ஆகாது. வயது 18 முதல் 60 வரை ஏற்கும் கட்டத்தைச் சோதிக்கச் சொன்னால் 17, 18, 60, 61 என்று எல்லையில் நிற்கும் எண்களை எடுக்க வேண்டும். 25, 30, 40 என்று நடுவில் மட்டும் போட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

டெஸ்டிங்குக்கான ஐ.எஸ்.டி.க்யூ.பி. ஃபவுண்டேஷன் சான்றிதழ் கட்டாயம் இல்லை. 40 கேள்வி, 60 நிமிடம், 65 சதவீதம், அதாவது 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. பணம் குறைவாக இருந்தால் அதன் பாடத்திட்டத்தை மட்டும் இறக்கிப் படியுங்கள், அது இலவசம். தேர்வை வேலை கிடைத்தபின் எழுதலாம்.

6. 100% பிளேஸ்மென்ட்னு போட்டிருக்காங்க. நம்பலாமா?

எழுத்தில் என்ன தருகிறார்கள் என்று கேளுங்கள். "பிளேஸ்மென்ட் உதவி" என்றால் உங்கள் ரெஸ்யூமேயை அனுப்புவார்கள், அவ்வளவுதான். வேளச்சேரியோ ஹைதராபாத் அமீர்பேட்டையோ, பார்க்க வேண்டியவை ஒன்றுதான்: பாடம் நடத்துபவர் இப்போதும் அந்த வேலையில் இருக்கிறாரா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், பணத்தைத் தவணையாகக் கட்டலாமா, பாதியில் நின்றால் என்ன ஆகும். கடந்த மூன்று மாதத்தில் வேலைக்குப் போன ஐந்து பேரிடம் பேச வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று, இன்ஸ்டிட்யூட் தரும் ப்ராஜெக்டை அப்படியே ரெஸ்யூமேயில் போடாதீர்கள். அதே 'ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் சிஸ்டம்' உங்கள் பேட்ச்சில் நாற்பது பேரிடமும் இருக்கும். நேர்காணல் செய்பவர் காலையிலிருந்து அதை நான்கு முறை கேட்டிருப்பார். பணம் கட்டும் முன் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்திலும் ஸ்வயம், என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளங்களிலும் அதே பாடம் இருக்கிறதா என்று தேடுங்கள். என்.பி.டி.இ.எல்.லில் பாடம் பார்ப்பது இலவசம். தேர்வுக்கும் சான்றிதழுக்கும்தான் கட்டணம்.

7. காமர்ஸ் படிக்காம அக்கவுன்ட்ஸ் பக்கம் போக முடியுமா?

போகலாம். ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வதே இதுதான். திருப்பூரோ சிவகாசியோ ஈரோடோ, கணக்கு எழுத ஆள் தேடும் ஆடிட்டர் அலுவலகம் எல்லா ஊரிலும் இருக்கிறது. டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். டேலியில் எங்கே தட்டுவது என்பது இரண்டு வாரப் பாடம். பற்று, வரவு, சரிக்கட்டல் பதிவுகள், வங்கிச் சரிகட்டும் பட்டியல் ஆகியவை கையில் படிய மூன்று மாதம் ஆகும்.

அடுத்து மாத நாட்காட்டி தெரிய வேண்டும். டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரி) கட்டுவது அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30). ஜி.எஸ்.டி. மாதாந்தரத் தாக்கலில் ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனை விவரம்) 11ஆம் தேதி, 2பி (விற்றவர்கள் பதிந்ததை வைத்துத் தானாக வரும் கொள்முதல் பட்டியல்) 14ஆம் தேதி உருவாகும், 3பி (வரி கட்டும் சுருக்கப் படிவம்) 20ஆம் தேதி. கொள்முதல் பதிவேட்டையும் 2பியையும் ஒப்பிட்டு, விடுபட்ட பில்லைப் பட்டியலிட்டு, விற்றவருக்கு போன் செய்து வாங்கத் தெரிந்த புதியவரை எந்த ஆடிட்டரும் விட மாட்டார். அவர் இயற்பியல் படித்தாரா வரலாறு படித்தாரா என்று அதன்பின் யாரும் கேட்பதில்லை.

8. பி.எஸ்சி. பயோடெக். மெடிக்கல் கோடிங்குக்கு முதல்லயே சி.பி.சி. எழுதணுமா?

தேவையில்லை. சி.பி.சி. என்பது மெடிக்கல் கோடிங்குக்கான அமெரிக்கச் சான்றிதழ். அதன் தேர்வில் 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம். குறியீட்டுப் புத்தகங்களைப் பார்த்து எழுதலாம். கட்டணமும் புத்தகமும் டாலர் கணக்கு. தேர்ச்சி பெற்றாலும் அனுபவம் இல்லாதவருக்குப் பெயருக்குப் பின்னால் 'சி.பி.சி.-ஏ' என்றுதான் வரும். அந்த 'ஏ' அப்ரென்டிஸைக் குறிக்கும். உடற்கூறியல், மருத்துவச் சொற்கள், ஐ.சி.டி.-10 (நோய்களுக்கான குறியீட்டு முறை) அடிப்படை இவற்றோடு பயிற்சிநிலைப் பணியில் சேர்ந்து, பிறகு எழுதுவது கைக்கு அடக்கம். உயிரியல் சாராத பட்டதாரிகளை ஏ.ஆர். காலிங்குக்குத்தான் (மருத்துவக் கட்டண பாக்கிக்காக அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களிடம் போனில் பேசும் வேலை) அதிகம் எடுப்பார்கள். அது அமெரிக்கப் பகல், நமக்கு இரவு. ஆறு மாத இரவுப் பணியை உடம்பு தாங்குமா என்று முன்பே யோசியுங்கள்.

9. அனுபவம் இருந்தாத்தான் வேலைங்கறான், வேலை கொடுத்தாத்தானே அனுபவம் வரும்?

முன்வாசலில் கூட்டம் என்றால் பக்கவாசலைப் பாருங்கள். அப்படிப்பட்ட வாசல்கள் மூன்று. ஒன்று, தேசிய அப்ரென்டிஸ் பயிற்சித் திட்டம். தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பொறியியல் மட்டுமல்ல, கலை அறிவியல் பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு, ஓராண்டு, உதவித்தொகையோடு. ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்பதால் வீணாக்காதீர்கள்.

இரண்டு, விரும்பும் நிறுவனத்தில் கிடைக்கும் வேறு பதவியில் நுழைவது. சப்போர்ட், பி.பி.ஓ. வேலையில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு உள் அறிவிப்பு வழியாக டெஸ்டிங்குக்கோ அனலிட்டிக்ஸுக்கோ மாறுவது வெளியிலிருந்து வருவதைவிட எளிது. சேரும்போதே உள்மாற்றத்துக்கு எத்தனை மாதம் ஆக வேண்டும் என்று கேளுங்கள். மூன்று, பத்து இருபது பேர் கொண்ட சிறு நிறுவனம். சம்பளம் குறைவு, வேலை எல்லாம் உங்கள் தலையில். ஆனால் 2ஆம் பதிலில் சொன்ன சல்லடை அங்கே இல்லை. முதலாளியே நேரில் பார்த்து முடிவு செய்வார்.

10. ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்னு ஒரு கன்சல்டன்சி சொல்லுது. எல்லாரும் செய்றாங்களாமே?

செய்யாதீர்கள். நல்லொழுக்கப் பேச்சை விடுங்கள், இது பிடிபடும் விதம் எளிமையானது. பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் யு.ஏ.என். எண்ணை வைத்து வருங்கால வைப்புநிதிப் பணிவரலாற்றைப் பார்க்கிறார்கள். எந்த நிறுவனம், எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்று அதில் இருக்கும். படிவம் 16, 26ஏஎஸ் (வருமான வரி பிடித்ததைக் காட்டும் ஆவணங்கள்), சம்பளம் வரவான வங்கிக் கணக்கு ஆகியவற்றையும் கேட்பார்கள். கன்சல்டன்சி தரும் கடிதத்துக்கு இவற்றில் ஒன்றும் ஒத்துப்போகாது. சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட நீக்குவார்கள், அப்போது உண்மையான ஆறு மாதமும் சேர்ந்து போகும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 20 பேருக்குக் குறைவான நிறுவனங்களில் பி.எஃப். கட்டாயம் இல்லை. 9ஆம் பதிலில் சொன்ன சிறு நிறுவனத்தில் நீங்கள் உண்மையாகவே வேலை பார்த்திருந்தாலும் பணிவரலாறு காலியாகத் தெரியும். எனவே அங்கே சேரும் நாளிலிருந்தே பணிநியமனக் கடிதம், மாதச் சம்பளச் சீட்டு, கடைசியில் விடுவிப்புக் கடிதம் என்று சேர்த்து வையுங்கள். சம்பளத்தைக் கையில் வாங்காமல் வங்கியில் போடச் சொல்லுங்கள்.

11. ‘ஏன் துறை மாறினீங்க?’ன்னு இன்டர்வியூல கேட்டா என்ன சொல்றது?

நான்கு வாக்கியம் போதும்: என்ன படித்தேன், எதனால் இந்தப் பக்கம் திரும்பினேன், இதுவரை என்ன செய்து வைத்திருக்கிறேன், பழைய படிப்பு இங்கே எதற்கு உதவும். மூன்றாவது வாக்கியம்தான் எடை. "கோர் கம்பெனில (படித்த துறை நிறுவனத்தில்) வேலை கிடைக்கல" என்பது உண்மையாக இருந்தாலும் அதை முதலில் வைக்காதீர்கள். அவர்களை இரண்டாவது தேர்வாக வைத்திருக்கிறீர்கள் என்றுதான் அவர்கள் காதில் விழும். "சின்ன வயசுலருந்தே கம்ப்யூட்டர்னா உயிர்" என்பதையும் யாரும் நம்புவதில்லை. இடைவெளி வருடத்தை மறைக்க வேண்டாம். "2023 ஜூன் முதல் 2024 பிப்ரவரி வரை தயாரிப்பு" என்று ஒரு வரியாகப் போட்டு, அதற்குக் கீழே செய்த வேலையைக் காட்டுங்கள்.

12. பேசாம எம்.சி.ஏ. சேர்ந்துடலாமா? தபால்ல இன்னொரு டிகிரி?

கையில் இரண்டு வருடமும் பணமும் இருந்தால் எம்.சி.ஏ. நல்ல வழி. கேம்பஸ் தேர்வில் மறுபடி உட்காரும் வாய்ப்பு அதில்தான் கிடைக்கிறது. பெரும்பாலும் 12ஆம் வகுப்பிலோ பட்டத்திலோ கணிதம் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் டான்செட் நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பில் ஜே.இ.இ. இல்லாமல், நான்கு வாரப் பாடமும் தகுதித் தேர்வும் முடித்துச் சேரலாம். இடையில் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் முடியும். 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. அனுமதித்திருக்கிறது.

தொலைநிலைப் படிப்பில் கவனிக்க வேண்டியது: பல்கலைக்கழகம் பெரியதாக இருந்தால் போதாது, அந்தப் படிப்புக்கு அந்த வருடம் யு.ஜி.சி. தொலைநிலைக் குழுவின் அங்கீகாரம் இருக்க வேண்டும். பி.இ., சட்டம், நர்சிங், மருந்தியல் போன்றவை தொலைநிலையில் செல்லாது. 12ஆம் வகுப்பு முடிக்காமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கியவர்களை டி.என்.பி.எஸ்.சி. ஏற்பதில்லை, பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை வேண்டும்.

13. இன்னும் நாலு அரியர் இருக்கு. அதை விட்டுட்டு இதுல இறங்கட்டுமா?

கூடாது. சம்பந்தமில்லாத பட்டம் ஒரு சிக்கல், முடியாத பட்டம் அதைவிடப் பெரிய சிக்கல். 1ஆம் பதிலில் சொன்ன எந்தக் கதவும் அதை வைத்துத் திறக்காது. முதலில் தேர்வை முடியுங்கள்.

14. வயசு 31, குழந்தை இருக்கு, வீட்டு இ.எம்.ஐ. ஓடுது. இப்ப மாறலாமா?

பள்ளத்தை எண்ணாகப் போடுங்கள். இப்போது 32,000 வாங்குகிறீர்கள், புதிய துறையில் தொடக்கம் 18,000 என்றால் மாதம் 14,000 குறையும். பழைய சம்பளத்தை எட்ட 18 மாதம் என்று வைத்தால் 2,52,000. அந்தப் பணம் சேமிப்பில் இருந்தாலோ, துணைவரின் சம்பளம் தாங்கினாலோ இறங்கலாம். இல்லையென்றால் வேலையை விடாமல் 4ஆம் பதிலில் சொன்ன வாரம் 15 மணி நேர வழிதான். பொதுப் பிரிவினர் என்றால் வங்கித் தேர்வு யோசனையை விட்டுவிடுங்கள். பி.ஓ.வுக்குப் பொதுப் பிரிவில் 30 வயது வரம்பு, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. இந்த வயதில் 1ஆம் பதிலில் சொன்ன எல்லை வேலைதான் கைகொடுக்கும்: எட்டு வருடம் ஷிப்ட் இன்ஜினியராக இருந்தவர் அதே ஆலைகளுக்கு மென்பொருள் பொருத்தும் நிறுவனத்துக்குப் போனால் புதியவர் சம்பளத்தில் தொடங்க வேண்டியதில்லை.

15. ரெண்டு வருஷ பாண்ட் கேக்கறாங்க, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் குடுக்கச் சொல்றாங்க.

பாண்டை (இத்தனை காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) படித்துவிட்டுப் போடலாம். தொகை, காலம், பயிற்சிக்கு உண்மையில் என்ன செலவழிக்கிறார்கள் என்ற மூன்றையும் பாருங்கள். நியாயமான தொகையாக இருந்தால் நீதிமன்றங்கள் அதை ஏற்றிருக்கின்றன, "பாண்டெல்லாம் செல்லாது" என்ற பேச்சை நம்பி நடுவில் ஓட வேண்டாம். மூலச் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். வேலைக்காக உங்களிடம் முன்பணம் கேட்டால் அது வேலையே இல்லை.

16. துறை மாறினபிறகு வெளிநாடு போக முடியுமா? டிகிரி பொருந்தலன்னு விசா நிறுத்திடுவாங்களா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்க எச்-1பி வேலை விசாவுக்குப் பட்டம் அந்த வேலையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். வரலாற்றுப் பட்டத்தோடு மென்பொருள் வேலையென்றால் கேள்வி வரும். குறையும் ஒவ்வொரு கல்லூரி ஆண்டுக்கும் மூன்று ஆண்டு துறை அனுபவத்தை ஈடாகக் காட்டும் வழி அங்கே உண்டு. அங்கே பட்டம் நான்கு ஆண்டு என்பதால் நம் மூன்றாண்டுப் பட்டக்காரர்கள் குறையும் ஓராண்டையும் ஈடுகட்ட வேண்டும், இரட்டை வேலை. கனடாவில் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பட்டத்தின் நிலைக்குத்தான் புள்ளி. எந்தப் பாடம் என்று பார்ப்பதில்லை, வேலை அனுபவம் எந்தப் பிரிவு என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஜெர்மனி 2023 நவம்பர் முதல், கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு ஐ.டி. அனுபவம் இருந்தால் பட்டமே இல்லாமலும் ப்ளூ கார்டு (வேலை செய்ய வசிப்பு அனுமதி) தருகிறது. சம்பள வரம்பை எட்ட வேண்டும்.

வளைகுடாவில் பதவிப் பெயரைப் பாருங்கள். சவூதியில் 'இன்ஜினியர்' என்ற பெயரில் விசா வந்தால் அங்குள்ள பொறியாளர் மன்றப் பதிவுக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். பி.எஸ்சி. படித்துவிட்டு அந்தப் பெயரில் போனால் பதிவில் மாட்டிக்கொள்வீர்கள். 10ஆம் பதிலில் சொன்ன கடிதங்கள் இங்கேயும் தேவைப்படும்: விசாவுக்கு அனுபவத்தை நிரூபிக்கும்போது ஒவ்வொரு நிறுவனமும் பதவி, வேலை விவரம், தேதிகள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மூடிப்போன நிறுவனத்திடம் பிறகு போய் வாங்க முடியாது. வேலையை விடும் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.